கம்பத்திலா, மண்ணுக்குள்ளா: வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் மின்கம்பி வாதம்

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில், தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளை அகற்றிவிட்டு நிலத்தடிக் கேபிள் பதித்துத் தருமாறு மனுக் கொடுப்பதா இல்லையா என்ற வாதம் சென்ற மழைக்காலத்தில் தொடங்கி இன்னும் ஓயவில்லை. காலி வீதிப் பக்கமாக இருக்கும் தொடர்மாடியின் முகாமைக்குழுதான் இதை முதலில் முன்மொழிந்தது. தனிவீட்டுக்காரர்களில் சிலர் அன்றைக்கே ஒப்பமிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் செலவை அறியாமல் கையெழுத்து வைக்க முடியாது என்றார்கள். கடற்கரை முனையில் வசிக்கும், மின்தொழிலாளியாக வேலைசெய்து ஓய்வுபெற்ற சிங்கள அயலவர் ஒருவர், நிதானமாகத் தமிழில் பேசி, இந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. எங்கள் கம்பிகள் ஒரு நாள் மண்ணுக்குள் போகத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே என்னென்ன கிடக்கின்றன என்ற நம்பகமான வரைபடம் கைக்கு வராமல், வீதியைத் திறக்கும் ஏனைய வேலைகளோடு சேர்க்காமல், இந்த ஒன்றுக்காக மட்டும் ஒழுங்கையைத் தோண்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத, செலவு குறைந்த திருத்தமொன்றும் இருக்கிறது. வாதத்தின் சூட்டில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவாக இருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொழும்பு மாநகரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இப்போதே நிலத்தடியில்தான் ஓடுகிறது என்பது எங்கள் கூட்டத்துக்கு வந்த பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. கொள்ளுப்பிட்டி, மருதானை, ஹெவ்லொக் டவுன் போன்ற இடங்களிலுள்ள, வோல்ட்டைக் குறைத்து மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் கிரிட் உபநிலையங்களுக்கு 132 கிலோவோல்ட் மின்சாரம் நிலத்தடிக் கேபிள்கள் வழியாக வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒழுங்கைகளிலுள்ள டிரான்ஸ்போமர்களுக்கு வரும் 11 கிலோவோல்ட் இணைப்புகளும் மாநகர எல்லைக்குள் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. கொழும்பை விட்டு வெளியே போகும்போதுதான் 33 கிலோவோல்ட் கம்பிகள் வயல்களுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் மேலாகப் போவதைப் பார்க்கிறோம். ஆகவே எங்கள் வாதமெல்லாம் கடைசித் துண்டைப் பற்றியது: டிரான்ஸ்போமரிலிருந்து வீட்டு மீற்றர் வரை வரும் 400/230 வோல்ட் கம்பிகளைப் பற்றியது.

அந்தக் கடைசித் துண்டு எங்கள் ஒழுங்கையில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கொங்கிறீற்றுக் கம்பங்களில், பீங்கான் குமிழ்களில் கட்டப்பட்டு, உறையில்லாத அலுமினியக் கம்பிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகின்றன. மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகள், அவை மூன்றுக்கும் பொதுவான திரும்பும் வழியாக ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்கென்று இன்னொன்று. அவற்றுக்குக் கீழே தொலைபேசிக் கம்பிகள், இணையத்துக்கான ஃபைபர் கேபிள்கள், கேபிள் டீவி கம்பிகள், எவருக்கும் பயன்படாமல் அறுத்துவிடப்பட்ட பழைய துண்டுகள், சுருட்டிக் கட்டித் தொங்கவிடப்பட்ட மிச்சக் கம்பிச் சுருள்கள் எல்லாம் ஒரே கம்பத்தில் பிணைந்து கிடக்கின்றன. அண்ணாந்து பார்த்து "இந்தச் சிக்கலை எடுத்துவிட வேண்டும்" என்று சொல்பவர்களின் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பகுதிதான். அது மின்சாரமே அல்ல. மின்கம்பிகளைப் புதைத்த பிறகும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கம்பிகளைத் தாங்களாகவே இறக்கினாலன்றி, அவை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும். தெருவிளக்குக்கும் ஏதோவொரு கம்பம் வேண்டியிருக்கும்.

வாதத்தைத் தொடக்கிவைத்தது ஒரு மாமரக் கிளை. காற்றும் மழையுமாக இருந்த ஒரு மாலையில் அது முறிந்து விழுந்ததில் நியூட்ரல் கம்பி அறுந்தது. பேஸ் கம்பிகள் அறவில்லை. இருள் சூழ்ந்திருந்தால் எல்லோரும் மெழுகுதிரியைத் தேடியிருப்போம். அதற்குப் பதிலாகச் சில வீடுகளில் விளக்குகள் மங்கி மஞ்சளாகின, சில வீடுகளில் கண் கூசும் வெளிச்சம் வந்தது. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் கிடைக்கிறது. அது அறுந்துபோனால், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்ததுபோல் ஆகி, இரண்டு பேஸ்களுக்கிடையேயான 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோடத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டுக்கே மிகையான வோல்ட் போய்ச் சேரும். தனியே இருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் அப்போது குளிர்சாதனப் பெட்டியும் ஒரு விளக்கும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டி எரிந்துபோனது. "கரண்ட் போயிருந்தா ஒண்டும் இல்லை பிள்ளை, கூடி வந்ததுதான் ஆபத்து" என்று அவர் என்னிடம் சொன்னார். நடந்ததை அதைவிடச் சரியாக எவரும் விளக்கவில்லை.

எனவே நிலத்தடிக் கேபிள் வேண்டும் என்பவர்களின் நியாயம் அழகு சார்ந்தது மட்டுமல்ல. வெள்ளவத்தையில் இன்னொரு காரணமும் கூடுகிறது. கடற்காற்றில் வரும் உப்பு, கம்பங்களிலுள்ள இரும்புப் பட்டிகளையும் ஆணிகளையும் தின்றுவிடுகிறது. கடலோரமாகப் போகும் மரைன் டிரைவ் வீதிக்கு அருகிலுள்ள கம்பங்களில் கொங்கிறீற்று நெடுக்காக வெடித்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிவதைக் காணலாம். உள்ளே இரும்பு துருவேறிப் பருக்கும்போது வெளியேயுள்ள கொங்கிறீற்று பிளந்துகொள்கிறது. இதற்கு மேல், வீடுகள் இருந்த காணிகளில் தொடர்மாடிகள் எழுந்து, பல்கனிகள் வீதியை நோக்கி நீண்டுவிட்டன. உறையில்லாத கம்பிக்கும் முதலாம் மாடிப் பல்கனிக்கும் இடையிலுள்ள தூரம் சில இடங்களில் எனக்கு அச்சம் தருகிறது. ஒரு திரைச்சீலைக் கம்பியையோ அலுமினிய ஏணியையோ தூக்கித் திருப்பும் வேலையாளுக்கு அந்தத் தூரம் போதாது. இரவில் பறக்கும் பழந்தின்னி வௌவால்கள் இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டு இறந்து அப்படியே தொங்குவதையும் கொழும்பில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மரங்களின் பக்கம் வரும்போது விடயம் சிக்கலாகிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில் மரம் ஒன்று பேருந்தின் மீது சாய்ந்து ஐந்து பேர் உயிரிழந்த பின்னர், கொழும்பின் வீதியோர மரங்கள் மீது மக்களுக்கு அச்சம் ஏற்பட்டது; அது இயல்பானதே. எங்கள் கூட்டத்திலும் அந்த விபத்து நினைவுகூரப்பட்டது. கம்பிகள் மேலே போவதால், அவற்றைத் தொடும் கிளைகளை மட்டும் ஒருபக்கமாக வெட்டுகிறார்கள். ஆண்டாண்டாக அப்படி வெட்டப்பட்ட மரம் மறுபக்கம் பாரமேறிச் சாய்கிறது என்றார் ஒருவர். அது உண்மை. ஆனால் கேபிளுக்காக மரத்தின் அடியோரமாக நீளமாகத் தோண்டினால் வேர்கள் அறுபடும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. வேரின் ஒரு பக்கத்தை இழந்த மரம் அன்றைக்கு விழாது. சில மழைக்காலங்கள் கழித்து, எவரும் எதிர்பாராத ஒரு நாளில் விழும். மரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கம்பியைப் புதைக்கச் சொல்பவர்கள், குழி எந்தக் கோட்டில் போகும் என்பதை முதலில் கேட்க வேண்டும். கிளையை வெட்டியது எல்லோருக்கும் தெரியும். வேரை வெட்டியது தெரியாது.

மின்தடையே இல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கையையும் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தது எரிபொருள் வாங்கக் கையில் டொலர் இல்லாமையால். 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது கெரவலப்பிட்டி உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாற்றால். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி போனதும் பாணந்துறை உபநிலையத்தில் தொடங்கிய கோளாற்றால். இவற்றில் ஒன்றையும் எங்கள் ஒழுங்கையின் நிலத்தடிக் கேபிள் தடுத்திருக்காது. மாமரக் கிளையால் வந்ததை மட்டுமே தடுத்திருக்கும்.

ஓய்வுபெற்ற அயலவரின் தயக்கத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் எங்களில் கேபிள் குழிக்குள் இறங்கி வேலைசெய்தவர் அவர் ஒருவரே. "மேலே இருந்தா கண்ணால பாக்கலாம், கீழே போனா காதால கேக்க வேணும்" என்று அவர் சொன்னபோது முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். நிலத்தடியில் ஓரிடத்தில் கோளாறு வந்தால், கேபிளின் ஒரு முனையிலிருந்து மின்துடிப்பொன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பார்கள். நேரான நீண்ட கேபிளில் இது நன்றாகப் பலிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரியும் ஒழுங்கைக் கேபிளில் ஒவ்வொரு கிளையும் தன் பங்குக்கு ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்புவதால் கணிப்புக் குழம்பிவிடும். அதன் பிறகு உயர்வோல்ட் அதிர்ச்சிகளை விட்டுவிட்டுச் செலுத்தி, கோளாறுள்ள இடத்தில் மண்ணுக்குள் எழும் "தொம்" என்ற ஒலியைத் தரையில் கருவி வைத்துக் கேட்பார்கள். காலி வீதியின் பேருந்து இரைச்சலில் அதைக் கேட்பதற்கு நள்ளிரவு வரை காத்திருக்க நேர்ந்த நாட்களும் உண்டாம். இடம் தெரிந்த பிறகு தோண்ட வேண்டும், குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், ஈரம் படாமல் மூட்டுப் போட வேண்டும். மேலே அறுந்த கம்பியை ஏணி வைத்து ஓரிரு மணித்தியாலத்தில் இழுத்துக் கட்டிவிடலாம். கீழே அதே வேலைக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம்.

தன் கையால் வெட்டியெடுத்த பழுதடைந்த கேபிள் துண்டொன்றைப் பற்றியும் அவர் சொன்னார். வேறு எதற்கோ மண்வெட்டி போட்டவர்கள் அதன் உறையில் சிறு கீறலை உண்டாக்கிவிட்டு, மண்ணை மூடிப் போய்விட்டார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. கீறல் வழியே ஈரம் நுழைந்து, காலப்போக்கில் உள்ளிருந்த அலுமினியம் வெள்ளை மாவாகிப் போயிருந்தது. விரலால் தட்டியபோது உதிர்ந்தது என்றார். நிலத்தடிக் கேபிளுக்குப் பெரிய எதிரி மழையோ உப்போ அல்ல, தனக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தோண்டும் அடுத்த வேலையாள்தான் என்பதை அந்த ஒரு துண்டு எனக்குப் புரியவைத்தது.

கொழும்பில் அந்த அடுத்த வேலையாள் வராத ஒழுங்கை கிடையாது. நூறாண்டு கடந்த கழிவுநீர்க் குழாய்கள், பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய்கள், அவற்றுக்குப் பதிலாகப் போடப்படும் புதியவை, தொலைபேசிக்கான குழாய்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறுவனம் ஒவ்வொரு காலத்தில் வந்து தோண்டுகிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒரு பக்கம், மாநகர சபை ஒரு பக்கம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இன்னொரு பக்கம். காலி வீதியாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். புதிதாகத் தார் போட்ட வீதியைச் சில மாதங்களில் மீண்டும் வெட்டுவது எங்களுக்குப் பழகிப்போனது. அப்படிப் பழகிப்போன ஓர் ஊரில், உயிரெடுக்கக்கூடிய ஒன்றையும் அதே மண்ணில் புதைக்கச் சொல்லும்போது, யார் எங்கே எவ்வளவு ஆழத்தில் எதைப் போட்டார்கள் என்ற பதிவு முதலில் வேண்டும்.

சிங்கப்பூரைப் பாருங்கள், அங்கே எல்லாம் நிலத்தடியில்தானே என்று தொடர்மாடிக் குழுவில் ஒரு தம்பி கேட்டார். நான் அவருக்கு நெதர்லாந்தைக் காட்டினேன். கடல்மட்டத்துக்குக் கீழேயுள்ள நிலம் நிறைந்த அந்த நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்கம்பிகள் ஏறத்தாழ அனைத்தும் மண்ணுக்குள் இருக்கின்றன. ஆகவே ஈரமண் என்பது தன்னளவில் தடையல்ல. ஆனால் அங்கே இயந்திரத்தால் தோண்டப் போகிறவர், தோண்டுமுன் அந்த இடத்திலுள்ள குழாய்கள், கேபிள்கள் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது 2008 முதல் சட்டம். கேபிளை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு அந்த நடைமுறையை விட்டுவந்தால் எங்களுக்குக் கிடைப்பது பாதிதான். மறுபக்கம், ஜப்பானைப் போன்ற வசதி படைத்த நாட்டின் தலைநகரான டோக்கியோவில் இன்றும் பெரும்பாலான தெருக்களில் கம்பிகள் மேலேதான் போகின்றன. எனவே முன்னேறிய ஊர், பின்தங்கிய ஊர் என்று இதை வைத்து அளவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கொழும்புக்குள்ளேயே ஒரே விடை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. தரைமட்டத்தில் வைக்கப்படும் மின்பெட்டிகள் அங்கே முதல் நாளிலேயே தண்ணீருக்குள் போய்விடும். அந்தப் பகுதி மக்கள் கம்பத்தையே கேட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

மின்பெட்டி என்றதும் எங்கள் வாதத்தில் மிகவும் சூடேறிய இடம் நினைவுக்கு வருகிறது. நிலத்தடிக் கேபிள் என்றால் எதுவுமே வெளியே தெரியாது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். சில வீடுகளுக்கு ஒன்று என்ற கணக்கில், கேபிள் பிரிந்து போவதற்கான இரும்புப் பெட்டி நிலத்துக்கு மேலே நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருவர் நின்று கதவைத் திறந்து வேலைசெய்ய இடமும் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் நடைபாதை கிடையாது. இரண்டு வாகனங்கள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்னோக்கிப் போக வேண்டிய அகலம்தான். அப்படியானால் பெட்டி யார் வீட்டு மதிலோடு நிற்கும்? அதுவரை உற்சாகமாக ஆதரித்தவர்களில் சிலர் அந்தக் கேள்வியோடு அமைதியானார்கள். "எங்கட கேட்டுக்கு முன்னால மட்டும் வேண்டாம் அண்ணை" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிற்கப்போகும் பெட்டி அது; பூட்டு உடைந்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு தாய் கேட்பது நியாயமான கேள்வி.

செலவைப் பொறுத்தவரை, தோண்டுவதும் வீதியை மீளச் சீராக்குவதும் சேரும்போது நிலத்தடி வேலை மேல்நிலைக் கம்பியைப் போல் பல மடங்கு ஆகும். கம்பமொன்றை நகர்த்தித் தரக் கேட்டாலே கேட்பவர்தான் மதிப்பீட்டுத் தொகையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒழுங்கை முழுவதற்கும் என்றால் அதை எப்படிப் பங்கிடுவது? மீற்றருக்கு ஒரு பங்கு என்றால் தொடர்மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவரும், தனி வீட்டில் பல குளிரூட்டிகள் ஓட்டுபவரும் சமமாகிறார்கள். காணி அளவில் என்றால் பழைய வீட்டில் ஓய்வூதியத்தோடு வாழும் முதியவர் அதிகம் கொடுக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியபோது எங்கள் ஒழுங்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கிய வீடுகள் உண்டு. பின்னர் குறைப்பு வந்தாலும் அந்தக் காலத்தில் அடகு போன நகைகள் எல்லாம் திரும்பவில்லை. மாடியின் விற்பனை விலை கூடுவதால் நன்மையடையப்போகிறவர்களின் கணக்கையும், அடுத்த ஆண்டு வேறு வாடகை வீடு தேடவேண்டியவர்களின் கணக்கையும் ஒரே மனுவில் ஒரே வரியாக எழுதுவது சரியல்ல.

அப்படியானால் நான் கேட்பது என்ன? முதலாவதாக, உறையில்லாத கம்பிகளை இப்போதே கழற்றிவிட்டு, ஒன்றோடொன்று முறுக்கிய உறையுள்ள கட்டுக்கேபிளைப் போட வேண்டும். கொழும்பிலும் புறநகரிலும் பல வீதிகளில் கம்பத்துக்குக் கம்பம் தடித்த கறுப்புக் கயிறு ஒன்றைப் போலத் தொங்குவது அதுதான். மூன்று பேஸும் நியூட்ரலும் தெருவிளக்குக் கம்பியும் அதற்குள் தனித்தனி உறையில் இருக்கின்றன. மாமரக் கிளை அதன்மேல் உரசலாம், வௌவால் தொங்கலாம். பல்கனியில் ஏணி தவறுதலாகப் பட்டாலும் உறையற்ற கம்பியில் பட்டதுபோல் உடனே உயிர் போகாது. கேபிளின் பாரத்தைத் தாங்குவது நியூட்ரல் தான் என்பதால் அது மற்றவற்றைவிட வலுவாகச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டில் நடந்தது திரும்ப நடக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கம்பங்கள் அப்படியே இருக்கும், துருவேறியவற்றை மட்டும் மாற்ற வேண்டும். தோண்டத் தேவையில்லை. பார்வைக்கு அழகில்லை என்பார்கள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு முதலில் அந்தப் பல்கனிகள் பாதுகாப்பாக வேண்டும்.

இரண்டாவதாக, தண்ணீர்க் குழாய்க்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ அடுத்த முறை ஒழுங்கை திறக்கப்படும்போது, அதே குழியின் ஓரத்தில், உரிய இடைவெளி விட்டு, மின்சாரத்துக்கும் தொலைத்தொடர்புக்குமாக வெற்றுக் குழாய்களைப் பதித்து மூட வேண்டும். வெற்றுக் குழாயின் விலை கேபிளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பெரும் செலவு தோண்டுவதில்தான் இருக்கிறது, அந்தச் செலவு எப்படியும் நடக்கப்போகிறது. பிற்காலத்தில் கேபிளை இழுத்துவிட ஒழுங்கையை நீளத்துக்குத் தோண்ட வேண்டியதில்லை. தொடர்மாடிகள் பெருகி மின்தேவை கூடினால் தடித்த கேபிளாக மாற்றவும் வழி இருக்கும். மண்ணில் நேரடியாகப் புதைத்த கேபிளுக்கு அந்த வசதி கிடையாது. மூன்றாவதாக, குழி மூடப்படுமுன் எடுத்த அளவுகள், ஆழம், படங்கள் எல்லாம் மாநகர சபையில் ஒரே இடத்தில் வைக்கப்பட்டு, தோண்ட அனுமதி கேட்டு வரும் எவருக்கும் அனுமதியோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். மூன்றில் மிகக் கடினமானது இதுதான். பணத்தைவிட, தனித்தனி நிறுவனங்கள் தங்கள் வரைபடங்களை ஒன்றுக்கொன்று காட்டும் மனம் வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

சென்ற கூட்டத்தில் பழைய மனு ஒதுக்கிவைக்கப்பட்டு, இந்த மூன்றையும் கொண்ட புதிய கடிதமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதென்று முடிவானது. சிங்கள வடிவத்தை ஓய்வுபெற்ற அயலவர் எழுதுகிறார்; கட்டுக்கேபிள் பற்றிய பகுதியில் தொழிலாளர் பயன்படுத்தும் சொற்களே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மின்பெட்டிகள் தேவைப்படும் காலத்தில் ஒன்றைத் தங்கள் வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் வைக்க இடம் தரலாம் என்று தொடர்மாடிக் குழு சொல்லியிருக்கிறது. அதை எழுத்தில் தருமாறு கேட்டிருக்கிறோம். மற்றப் பெட்டிகளுக்கான இடம் இன்னும் முடிவாகவில்லை. செலவைப் பங்கிடும் முறையும் முடிவாகவில்லை. அதுபற்றி வாடகைக் குடும்பங்களை விட்டுவிட்டுப் பேசுவதில்லை என்பதில் மட்டும் எல்லோரும் உடன்பட்டிருக்கிறோம். அவர்களில் பலர் மாலையில் வேலை முடிந்து தாமதமாக வருவதால், அடுத்த கூட்டம் போயா (பௌர்ணமி) விடுமுறை நாளொன்றில் காலையில் வைக்கப்படுகிறது.